கடலுக்குச் சொன்ன அறை எண்

நவம்பர் ஒன்றாம் தேதி. மாலை நாலரை மணி. சலேமி மலையிலிருந்து பலேர்மோவுக்கு இறங்கும் சாலையில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரு வண்டி இல்லை. ஊர் முழுக்கக் கல்லறையில் இருந்தது. செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அவரவர் செத்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தது.

அந்தக் காரில் போனது நம் பேப்பேயின் தம்பி குடும்பம். ஐஸ் ஃபேக்டரி பேப்பே. அவன் தம்பி ரொசாரியோ, தம்பி பெண்டாட்டி சாந்தினா, அவர்கள் மகள் நின்ஃபா. ஆறு வயது. பேப்பே இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டான்.

விளக்கு இருக்கட்டும்... அணைக்க வேண்டாம்.

சாந்தினாவுக்கு ஒரே அண்ணன், கலோஜெரோ. மசாராவில் இழுவலைப் படகில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரெத்திமோ தீவுக்குத் தெற்கே அந்தப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் போனார்கள். நாலு உடல் வந்தது. கலோஜெரோ வரவில்லை. உடல் இல்லை. அதனால் கல்லறையும் இல்லை. சாந்தினாவால் அதற்குமேல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு மலைமேல் சலேமிக்குக் குடிபோனார்கள்.

நம் ஊர் வழக்கப்படி, நவம்பர் இரண்டு விடிவதற்குள் செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு ஏதாவது ஒளித்துவைத்துவிட்டுப் போவார்கள். சர்க்கரைப் பொம்மை. புது ஷூ. பெற்றவர்கள்தான் வைக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டிலும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. போன வருஷம், வீட்டை விற்பதற்கு முன்னால், சாந்தினா ஒரு பொம்மையை வைத்து, "கலோ மாமா கொண்டுவந்தாரு" என்று சிரித்தாள். பிறகு நாள் முழுக்க அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் ரொசாரியோ இந்த ஏற்பாட்டைச் செய்தான். அந்த நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டாம். நாலு ராத்திரிக் கப்பல் பயணம். பலேர்மோவில் ஏறி, தூனிஸ், மால்டா, மெஸ்ஸினா, மறுபடி பலேர்மோ. நம் ஆட்கள் அந்த வாரத்தில் போக மாட்டார்கள். கப்பல் முழுக்க வடக்கத்திக்காரர்கள்.

"துருவியை ஒளிச்சு வெச்சியா?" காரை ஓட்டிக்கொண்டே ரொசாரியோ கேட்டான்.

"என்ன துருவி?"

"சீஸ் துருவிதான். கெட்டவங்க உள்ளங்காலைச் செத்தவங்க வந்து துருவுவாங்கல்ல? நம்ம வீட்ல அது சிங்க்லயே கிடக்கு."

"பாப்பாவைப் பயமுறுத்தாத."

"பாப்பாவை யார் சொன்னா? நான் உன் காலைச் சொன்னேன்."

நின்ஃபா பின்சீட்டில் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

எட்டு மணிக்குக் கப்பல் கிளம்பியது. அறை எட்டாவது தளத்தில், பால்கனியோடு. சாப்பிட்டார்கள். இசை கேட்டார்கள். பதினொன்றரை ஆகியும் நின்ஃபா தூங்கவில்லை.

"மாமாவுக்கு நாம இங்க இருக்கோம்னு யார் சொல்வா?"

"அவருக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? மாமாவுக்குப் புது வீடே தெரியாது. பழைய வீட்டுக்குப் போய்த் தட்டுவாரு. அங்க வேற யாரோ இருப்பாங்க."

உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்துவிட்டாள். சாந்தினாவின் பெட்டியில், துணிகளுக்கு அடியில், சர்க்கரைப் பொம்மை தயாராக இருந்தது. பிள்ளை தூங்கினால் தலையணைக்குக் கீழே வைக்க வேண்டியதுதான். அழுகை நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அப்ப நீயே கூப்பிட்டுச் சொல்லிடு."

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். இடது பக்கம், வெகு தூரத்தில் மரெத்திமோவின் விளக்கு மினுக்கியது. கீழே ஒன்றும் தெரியவில்லை. நின்ஃபா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! எட்டு... ஒண்ணு... நாலு! எட்டு... ஒண்ணு... நாலு!"

உள்ளே படுக்கையிலிருந்து ரொசாரியோ சொன்னான்: "எட்டாவது மாடின்னும் சொல்லு. பாவம், லிஃப்ட் தெரியாம அலையப்போறாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். கதவைச் சாத்தினார்கள். பொம்மையை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தபடியே சாந்தினா தூங்கிப்போனாள்.

ஆறு மணிக்கு நின்ஃபாவின் சத்தம் கேட்டு எழுந்தாள். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். சிவப்பு ஷூ. ஒரு வார் வைத்தது. காலுக்குச் சரியாக இருந்தது.

"மாமாவுக்கு என் அளவு எப்படிம்மா தெரிஞ்சுது?"

ரொசாரியோ சாந்தினாவைப் பார்த்துக் கண்ணடித்தான். அவளும் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். பிள்ளைக்கு முன்னால் வேறென்ன பேச முடியும்? இவ்வளவு அக்கறையாக வாங்கியிருக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. ஷூ லேசாக ஈரமாக இருந்தது. டீசல் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை... பழைய வலையைச் சுருட்டி வைத்தால் வருமே, அது.

தூனிஸில் இறங்கினார்கள். நல்ல வெயில். கடைத்தெருவில் நின்ஃபா முன்னால் நடந்தாள். சாந்தினா பின்னால் போனாள். காய்ந்த கல்லில் பிள்ளையின் காலடி ஒவ்வொன்றும் ஈரமாக விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். முதல் காலடிகூட இன்னும் காயவில்லை.

காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் ரொசாரியோவின் காதருகே சொன்னாள்.

"கொஞ்சம் பாத்து வாங்கக் கூடாதா? காலைலேர்ந்து ஈரமே போகல."

"நான் எங்க வாங்கினேன்? நீதானே வாங்கின."

"விளையாடாத."

"சாந்தினா... நான் வாங்கல."

"என் பொம்மை இன்னும் பெட்டிலதான் இருக்கு."

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ஃபா ஆரஞ்சுச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ரொசாரியோ குனிந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே இருந்த தோலைத் தூக்கினான். அடியில் மீன் செதில், ஒரு கைப்பிடி இருக்கும். துறைமுக வாசல் குப்பைத்தொட்டியில் இரண்டையும் போட்டான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

நின்ஃபா அழவில்லை. அப்பாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "பரவால்ல. மாமா மறுபடி வர்றேன்னாரு" என்றாள்.

அன்று ராத்திரி ரொசாரியோ பால்கனிக் கதவின் பிடியைத் தன் பெல்ட்டால் கட்டினான். பிள்ளையை நடுவில் படுக்கவைத்தார்கள். இரண்டே முக்காலுக்கு சாந்தினாவுக்கு விழிப்பு வந்தது. நடுவில் ஆள் இல்லை. நின்ஃபா கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்... கேட்டாள்... மறுபடி பேசினாள்.

"யார்கிட்ட பேசற?"

"மாமா குளுருதுங்கறாரு."

சாந்தினா கண்ணாடியைப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் பார்த்தாள்.

"வேற என்ன சொல்றாரு?"

"மத்த நாலு பேருக்கும் பூ வெச்சாங்களாம். மாமாவுக்கு மட்டும் யாருமே வரலையாம். யாராவது ஒருத்தர் வரணுமாம்."

வாரி எடுத்தாள். பிள்ளையின் முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உதட்டில் முத்தம் கொடுத்தாள். உப்பு.

விடிந்ததும் கப்பல் டாக்டரிடம் ஓடினார்கள். உடம்புச் சூடு முப்பத்து நாலு புள்ளி ஒன்பது டிகிரி; முப்பத்தேழு இருக்க வேண்டும். "ராத்திரி பச்சைத் தண்ணில குளிக்க வெச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார்கள். அவர் நம்பவில்லை. சூடாகக் குடிக்கக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு மால்டா. பெட்டியைக் கட்டி, கோட்டைப் போட்டு, கதவு திறக்கும் இடத்தில் ஏழு மணிக்கே போய் நின்றார்கள். இறங்கி விமானமோ படகோ எதையாவது பிடித்துப் போய்விடுவது என்று முடிவு. எட்டு மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. வடகிழக்குக் காற்று பலமாக இருப்பதால் துறைமுகத்துக்குள் போக முடியாது. மால்டா ரத்து. நாளைக் காலை நேராக மெஸ்ஸினா. பாரில் எல்லோருக்கும் ஒரு கோப்பை இலவசம்.

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ரொசாரியோ வரவேற்பு மேசைக்குப் போனான்.

"ஜன்னலே இல்லாத ரூம் ஒண்ணு குடுங்க. எஞ்சினுக்குப் பக்கத்துல இருந்தாலும் பரவால்ல."

"எல்லாம் நிரம்பிடுச்சு சார். பால்கனி ரூமை விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா?"

"நான் போறேன்."

"இன்னும் ரெண்டு ராத்திரிதானே சார்."

அவன் மேசையைக் குத்தினான். ஒரு காவலாள் வந்து பக்கத்தில் நின்றான். அவ்வளவுதான்.

நின்ஃபா ஒரு சோபாவில் பல் கிட்டிக்கக் கிடந்தாள். அப்போது வடக்கே பெர்காமோவிலிருந்து வந்த ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அருகே வந்தாள். மகள் பெயர் வியோலா. ஐந்து வயது. அதே சுருட்டை முடி. அந்தப் பெண் வியோலாவின் மஞ்சள் கம்பளிச் சட்டையைக் கழற்றி நின்ஃபாவுக்குப் போட்டுவிட்டாள்.

"அச்சோ, இவ்வளவு சில்லுன்னு இருக்கே! வெச்சுக்கோங்க, இவளுக்கு இன்னொண்ணு இருக்கு. என்ன வேணும்னாலும் வந்து தட்டுங்க, யோசிக்காதீங்க. உங்க வரிசைதான் நாங்களும். எட்டு மூணு எட்டு."

சாந்தினா நன்றி சொன்னாள்.

சாயங்காலம் முப்பத்து நாலு. இந்தத் தடவை டாக்டரே பயந்துவிட்டார். நின்ஃபாவைக் கப்பல் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, சூட்டுப் போர்வை போட்டார்கள். ஆஸ்பத்திரி மூன்றாவது தளத்தில், நடுவில். ஜன்னல் கிடையாது. சாந்தினாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த அறையில் பிள்ளை இல்லை. இனி யார் வந்து தட்டினால் என்ன?

ஒரு மணிக்குப் போர்வை மறுபடி நனைந்துவிட்டது. மாற்றுத்துணி எடுக்க அவள் மட்டும் மேலே போனாள்.

எண்ணூற்றுப் பதினாலு. கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. அலமாரியில் வெறும் ஹாங்கர்கள் மோதிக்கொண்டன. பழைய வலை வாடை.

டொக். டொக். டொக்.

பால்கனிக் கண்ணாடி. வெளியிலிருந்து.

எட்டாவது தளம். கீழே கடல்.

டொக். டொக். டொக்.

அறையிலிருந்த தொலைபேசி அடித்தது. ரொசாரியோ.

"சாந்தினா, முப்பத்து மூணு. கீழ வா. இறங்கிக்கிட்டே இருக்கு... அவ ஏதோ சொல்றா. வர்றேன் வர்றேன்னு சொல்றா. நீ வா."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை எங்கே படுத்திருந்தால் என்ன? அந்த எண்ணை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டது நின்ஃபா. இங்கே தட்டினால் அங்கே கேட்கும்.

தொலைபேசியைக் கீழே வைத்தாள். திரைக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டாள்.

"கலோ... நான் சாந்தினா."

டொக். டொக். டொக்.

"கலோ, நான்தான் வந்திருக்கணும். பூவோட வந்திருக்கணும். எங்க வைக்கறதுன்னு தெரியாம ஓடிட்டேன். தப்பு என்னோடது. பாப்பாவை விட்டுடு. என்னைக் கூட்டிட்டுப் போ. இதோ, கதவைத் திறக்கறேன்."

பெல்ட்டை அவிழ்த்தாள். கதவைத் தள்ளினாள். காற்று அவளைப் பின்னால் தள்ளியது. உப்பு முகத்தில் அறைந்தது. பால்கனியில் ஒருவரும் இல்லை. இரண்டு நாற்காலி. தரையில் தண்ணீர். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். "கலோ!" அவள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

டொக். டொக். டொக்.

தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். அது அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் தொலைபேசி. நடுவில் முட்டி போட்டிருந்தவளின் வாயிலிருந்து வந்தது:

"இங்க இல்ல கலோ. பாப்பா இங்க இல்ல. ரூமை மாத்திட்டாங்க."

தட்டல் நின்றது.

காற்றுகூடக் கேட்கவில்லை என்றாளாம். அவ்வளவு அமைதி. கண்ணாடியின் அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல... அடுத்ததுக்காகக் காத்திருப்பது போல.

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான்.

"எட்டு... மூணு... எட்டு."

ஒன்றுமில்லை. பிறகு ஈரச் சாக்கைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். தப். பக்கத்துப் பால்கனியில். கொஞ்ச நேரம். தப். அதற்கடுத்த பால்கனியில்.

தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"கண்ணைத் திறந்துட்டா!" ரொசாரியோ அழுதுகொண்டே சிரித்தான். "முப்பத்தஞ்சரை. சூடாயிட்டே வருது. சாக்லேட் பால் கேக்கறா சாந்தினா, சாக்லேட் பால்!"

தப்.

அவள் எழுந்தாள். நடைபாதைக் கதவின் பிடியில் கையை வைத்தாள். எண்ணூற்று முப்பத்தெட்டுக்குப் பன்னிரண்டு கதவு. ஓடினால் அரை நிமிஷம். என்ன வேணும்னாலும் வந்து தட்டுங்க என்று சொல்லியிருந்தாள் அந்தப் பெண். போய்த் தட்டலாம். பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு வெளியே வாங்க என்று சொல்லலாம். ஏன் என்று கேட்டால்? நம்பினால்? எண்ணை மாற்றிச் சொன்னால்... மறுபடி பதினாலுக்குத் திரும்பி வந்தால்?

தப். இப்போது தூரத்தில்.

கட்டிலிலிருந்து உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டாள். நடைபாதையில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, படியிறங்கி, மூன்றாவது தளத்துக்குப் போனாள்.

காலையில் மெஸ்ஸினா. ஏழு மணிக்கு ஒலிபெருக்கி. இந்த முறை கோப்பையைப் பற்றி இல்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை, சுருட்டை முடி, வெள்ளை இரவுச் சட்டை, பெயர் வியோலா. பார்த்தவர்கள் உடனே சொல்லவும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதையே சொன்னார்கள். யாரையும் இறங்க விடவில்லை. படுக்கை மெத்தை வரை நனைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பால்கனிக் கதவு உள்பக்கமாகப் பூட்டியே இருந்ததாம்.

சாந்தினா ஆஸ்பத்திரியிலிருந்து நின்ஃபாவை நடத்திக் கூட்டிவந்தாள். பிள்ளையின் கை வெதுவெதுப்பாக இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒருவன் "வியோலா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து நின்ஃபாவைப் பிடித்துத் திருப்பினான். மஞ்சள் கம்பளிச் சட்டை. முகத்தைப் பார்த்தான். கை தளர்ந்தது.

"மன்னிச்சுடுங்க... சட்டையைப் பார்த்துட்டு..." என்றான். பிறகு, "நீங்க பாத்தீங்களா? ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல" என்றாள் சாந்தினா.

மத்தியானம்தான் கரையில் விட்டார்கள். எட்டாவது தளத்து ஆட்களிடம் மட்டும் வாக்குமூலம் வாங்க, கடற்காவல் அதிகாரி ஒருவர் கப்பலை ஒட்டியே ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், மரியாதையான மனுஷன். காற்று இன்னும் அடங்கவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. அதில் தண்ணீர் சளப் சளப்பென்று கல்லை அடித்துக்கொண்டிருந்தது.

ரொசாரியோ பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். சாந்தினா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டதற்கெல்லாம் இல்லை, தெரியாது, தூங்கிட்டேன் என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அடையாள அட்டையை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார்.

"ஒரு தடவை சரி பாத்துடலாம்மா. பொண்ணு பேரு நின்ஃபா."

"எழுதினா போதும். படிக்க வேண்டாம்."

"விதிமுறைம்மா. காத்துல காதுல விழாது, கொஞ்சம் சத்தமா படிக்கறேன்." காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஊரு, சலேமி. கோட்டைத் தெரு. கதவு எண் பத்தொன்பது..."

"வேண்டாம்" என்றாள் சாந்தினா. பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"...ரெண்டாவது மாடி, இடது பக்கம். சரிதானேம்மா?"

கல்லை அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

சாந்தினா வாயைத் திறக்கவில்லை. காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதிகாரி முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தார்.